கொள்ளுத்தாத்தாவின் அப்பாவைத் தேடுதல்: சென்சஸில் இருப்பதும் இல்லாததும்

நீங்கள் கேட்டது இதுதான். முசிறிப் பக்கம் ஒரு கிராமம் பூர்வீகம். கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போர் சமயத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். தாத்தா 1970களில், இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு திரும்பி வந்தார். இலங்கையில் பிறந்த அத்தை ஒருவர் இருக்கிறார், ஆனாலும் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 1901, 1931 சென்சஸ் ஏட்டில் உங்கள் குடும்பம் இருக்கும் பக்கத்தை எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பக்கம் இன்று இல்லை. அதனால் தேடலைக் கைவிட வேண்டாம். பெயர் வேறு இடத்தில் இருக்க வாய்ப்பு உண்டு, உங்கள் குடும்பத்துக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

முதலில் சென்சஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1871–72இல் எடுத்த கணக்கு மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு நாளில் எடுத்தது. நாடு முழுக்க ஒரே நாளில் எடுத்த முதல் கணக்கு 1881 பிப்ரவரி 17 அன்று. அப்போதிலிருந்து பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் அந்த வேலையின் பெரும்பங்கு கிராமக் கணக்கரான கர்ணத்தின் தலையில்தான் விழுந்தது. முன்கூட்டியே வீட்டுக்கு வீடு எண் போட்டு, ஏட்டை நிரப்பி வைத்துக்கொண்டு, குறித்த இரவில் மறுபடி வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பார்கள். பிறந்த குழந்தையைச் சேர்ப்பார்கள், செத்தவர் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர், மதம், சாதி, வயது, கல்யாணம் ஆனதா, தொழில், பிறந்த இடம், தாய்மொழி, எழுதப் படிக்கத் தெரியுமா என்று எல்லாம் கேட்டார்கள். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரை 1901 மார்ச் 1ஆம் தேதிக் கணக்கில் யாரோ ஒருவர் கையால் எழுதியிருக்கத்தான் வேண்டும்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் நமக்கு நஷ்டம். 1901இல் ஆளுக்கொரு சிறு சீட்டு என்ற முறை வந்தது. ஏட்டில் உள்ள விவரத்தைச் சீட்டில் இறக்கி, சீட்டுகளைச் சாதிவாரியாக, வயதுவாரியாக, தொழில்வாரியாகப் பிரித்து எண்ணி அட்டவணை போட்டார்கள். எண்ணுவதற்குப் பெயர் தேவைப்படவில்லை. அச்சில் வந்த அட்டவணைகளும் அறிக்கைகளும் இன்றும் இருக்கின்றன. வீட்டுவாரி ஏடுகளை யாரும் காப்பாற்றி வைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்குகள் வேறு விதமாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. 1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி வீட்டுவாரிப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, வழக்கில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. இத்தனை ஆண்டு கழித்துத் திறந்துவிடலாம் என்ற விதியும் அதில் இல்லை. சென்சஸ் பக்கத்தை எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், எந்த ஆண்டுக்கு என்றாலும், விலகிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது "எங்கள் ஊரில் எல்லாம் கிடைக்கிறதே" என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்துச் சென்சஸ் ஏட்டை அப்படியே பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வந்தது. கனடாவில் 92 ஆண்டு; 1931ஆம் ஆண்டு ஏடுகளை 2023 ஜூனில் திறந்தார்கள். இங்கிலாந்தில் 100 ஆண்டு. 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் வெளிவந்தது. அயர்லாந்தின் 1901, 1911 ஏடுகளை அந்நாட்டு ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அங்கேயும் இழப்புகள் உண்டு. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீவிபத்தால் போயிற்று. இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் எரிந்தே போயின. ஆனாலும் இருப்பதைத் திறந்து காட்டுவது அவர்கள் வழக்கம். நமக்கு அந்த வழக்கம் அமையவில்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. 1951 சென்சஸ் சீட்டுகளிலிருந்து ஊர்வாரியாகக் குடிமக்கள் பதிவேடு ஒன்று எழுதினார்கள். அசாமில் அந்தப் பதிவேட்டில் எஞ்சியது பிற்காலத்தில் குடியுரிமையை நிரூபிக்கும் அடிப்படை ஆவணமாயிற்று. தாத்தா பெயர் அந்தத் தாளில் இருக்கிறதா என்பதே அங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் தலையெழுத்தாகிப் போனது. பெயருள்ள தாள் காப்பாற்றப்படுவதில் எப்போதும் நன்மை மட்டுமே இருக்கிறது என்று நான் நினைப்பதில்லை. அசாமைப் பார்த்த பிறகு யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

சரி, பெயர் இல்லாத சென்சஸ் உங்களுக்கு எதற்கு? குடும்பம் ஏன் ஊரை விட்டுக் கிளம்பியது என்பதற்கு அது ஓரளவு பதில் சொல்லும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முசிறிக்குப் பக்கத்தில் இருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871இல் கிட்டத்தட்ட 19 லட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டு கழித்து அது 16 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். செத்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் சேர்ந்த எண் அது. "எங்கள் முன்னோர் பஞ்சத்தில் அங்கிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள்" என்று ஒரு குடும்பத்தில் சொல்லிக் கேட்டால், அந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதை நின்று பேசும். இலங்கைச் சென்சஸ் அறிக்கைகளையும் பாருங்கள். 1901ஆம் ஆண்டுக் கணக்கை நடத்தி அறிக்கை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1911 கணக்கில்தான் இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு என்று முதன்முறையாகப் பிரித்து எண்ணினார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே போய் இறங்கியபோது அவருக்கென்று ஒரு கட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பிற்பாடு 1948இல் குடியுரிமை பறிபோனதும் அந்தக் கட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான்.

இந்திய அறிக்கைகளை சென்சஸ் துறையின் இணைய நூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் கிராமத்தின் பெயரும் அதன் ஜனத்தொகையும் வேண்டுமென்றால் 1951இலிருந்து வந்த மாவட்ட சென்சஸ் கையேடுகளைப் பாருங்கள்.

இனி பெயர் கிடைக்கும் இடங்கள். பல ஆண்டுகளாகப் பல குடும்பங்களுக்கு இந்த வேலையில் உதவியதில் நான் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. சர்க்கார் ஓர் ஆளின் பெயரைப் பத்திரமாக வைத்துக்கொண்டது, அவரிடமிருந்து ஏதாவது வாங்கவேண்டி இருந்தபோதுதான். நிலம் இருந்தவரிடம் தீர்வை வாங்கவேண்டும், அவர் பெயர் நிலக் கணக்கில் இருக்கும். நிலம் இல்லாதவரிடம் வாங்க உழைப்புதான் இருந்தது, அவர் பெயர் ஆள் ஏற்றிய பட்டியலில் இருக்கும். ஊரிலேயே இருந்து பண்ணையில் உழைத்துச் செத்த நிலமற்ற மனிதரைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஆகவே தேடலைத் தொடங்கும் முன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, என் குடும்பத்திடம் அன்று என்ன இருந்தது என்பதைத்தான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் வாரிசுகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல். அதில் ஆளுக்கு ஒரு வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் மச்சம் தழும்பு வரை. ஊரில் எந்தக் கணக்கிலும் பெயர் வராத ஒரு பெண்ணின் பெயரும் அவள் தகப்பன் பெயரும் நெற்றித் தழும்பும் அங்கே எழுதப்பட்டிருக்கும். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பிற்காலத்தவர்களில் பலருக்கு போட்டோவே உண்டு. 1903க்குப் பிறகு சென்னையிலிருந்து பிஜிக்குப் போனவர்களுக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு உண்டு.

இலங்கைக்கு அப்படி இல்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, தன் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார். கடல் தாண்ட ஒரு ராத்திரி போதும். கப்பல்வாரியாகப் பெயர் எழுதி வைக்கும் ஏற்பாடு நேட்டால் அளவுக்கு இல்லை. உங்களுக்கு மிஞ்சுவது வேறு சில தாள்கள். எஸ்டேட்டின் எண் பொறித்த தகர வில்லையைப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள், அதைத் தகர டிக்கெட் என்பார்கள். தோட்டம் மாறும்போது ஆளின் கடனை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர், 1921இல் அதை ஒழித்தார்கள். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருக்கும், பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்கு, வந்த ஆள்களின் பெயர் நாள்தோறும் அதில் ஏறும். ஆனால் 1972, 1975இல் தோட்டங்களை அரசு எடுத்து, 1992இல் நிர்வாகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்ததில் பழைய செக்ரோல்கள் பல இடங்களில் காணாமல் போய்விட்டன. இருந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நம்பக்கூடியவை குடியுரிமைப் பிரச்சினையில் பிறந்த தாள்கள். 1948 சட்டம் இந்தியத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இன்னொரு சட்டத்தில் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்றார்கள். கல்யாணம் ஆனவர் 1946க்கு முன் ஏழு ஆண்டு, ஆகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அந்த மனுவுக்காகத்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை முதன்முதலாகத் தன் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வந்த ஆண்டு என்று தேடித்தேடிச் சேகரித்தது. அந்த மனுவின் நகல், தோட்டத்து மேலாளரான துரை கொடுத்த கடிதம், நிராகரித்த கடிதம் ஏதாவது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கக்கூடும். நிராகரித்த கடிதத்தைக் கசப்போடு கிழித்துப் போட்டவர்கள் நிறைய. உங்கள் வீட்டில் கிழிக்காமல் இருந்தால் அதை லேமினேட் செய்யாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு, காற்றாடப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். இந்தியப் பங்கில் வந்தவர்கள் கையில் கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட் இருக்கும், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை இருக்கும். பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பாருங்கள். தாத்தா அங்கேயே பிறந்திருந்தால் எஸ்டேட்டின் பெயரோ பக்கத்து ஊரின் பெயரோ கிடைக்கும். அந்த ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அடுத்த கதவு திறக்கும்.

அடுத்த கதவு இலங்கைப் பிறப்புச் சான்று. தோட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பு அந்தந்தப் பகுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவானது. சான்றை இப்போதும் அங்குள்ள பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்து வாங்கலாம். மலையகத்தில் சொந்தக்காரர் யாராவது எஞ்சியிருந்தால் அவர்கள் மூலமாக வாங்குவது சுலபம். அதில் தாய் தகப்பன் பெயரோடு அவர்கள் பிறந்த இடமும் கேட்கப்பட்டிருக்கும். குடியுரிமைச் சட்டம் வந்த பிறகான படிவத்தில் குழந்தையின் தாத்தா இலங்கையில் பிறந்தவரா, அவர் பெயர் என்ன, இல்லையென்றால் கொள்ளுத்தாத்தா பிறந்தவரா என்றுகூடக் கேட்கும் கட்டங்கள் உண்டு. ஆட்களை வெளியே தள்ளுவதற்காகப் போட்ட கட்டங்கள், இன்று நமக்கு மூன்று தலைமுறையை ஒரே தாளில் கொடுக்கின்றன. உங்கள் அப்பா, அத்தை, பெரியப்பா எல்லாருடைய சான்றையும் தனித்தனியே வாங்கிப் பாருங்கள். ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் இருக்கும். ஒரு குழந்தைக்கு "முசிறி" என்று சொன்ன தகப்பன், அடுத்த குழந்தைக்குக் கிராமத்தின் பெயரையே சொல்லியிருப்பார்.

இந்தப் பக்கம் வருவோம். கிராமம் தெரிந்துவிட்டால் நிலக் கணக்கைப் பாருங்கள். தோட்டத்துக்குப் போனவர்கள் எல்லாரும் நிலமற்றவர்கள் என்று நினைக்கிறோம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மேட்டுக்காட்டை அடமானம் வைத்துவிட்டு, மீட்டுவிடலாம் என்று போனவர்களும் அதில் உண்டு. அந்த அடமானம் பதிவாகியிருந்தால் உங்களுக்கு யோகம்.

பழைய பத்திரம் ஒன்றை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "திருச்சினாப்பள்ளி ஜில்லா முசிறி தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் குமாரர் விவசாயம் இன்னார் அவர்களுக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த" என்று ஆரம்பிக்கும். இரண்டு பக்கத்துக்கும் தகப்பன் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடும். "காலஞ்சென்ற" என்ற ஒரு சொல்லை வைத்து அந்தத் தேதிக்கு முன் தகப்பன் இறந்துவிட்டார் என்று குறித்துக்கொள்ளலாம். அடுத்து, கடன் எதற்கு வாங்கினார் என்று வரும்: மகள் கல்யாணத்துக்கு, முந்தைய கடன் தீர்க்க, "கொளும்பு யாத்திரைச் செலவுக்கு". பிறகு சொத்து விவரத்தில் சக்குபந்தி: இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் பாகத்துக்கு மேற்கு. அங்கே "நிலம்" என்றில்லாமல் "பாகம்" என்று வந்தால் பங்காளியாக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம் அது. கடைசியில் கைநாட்டு, கீறல், சாட்சிகளின் பெயர். சாட்சி போட்டவர்களில் மாமன் மச்சான் ஒருவராவது இருப்பார். தகப்பன் செத்துப் பிள்ளை சிறுவனாக இருந்தால் "மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமாகிய" என்று அம்மா பெயர் வரும். நம் குடும்ப மரங்களில் பெண்கள் பெயர் நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டு மூன்று இடங்களில்தான். அதனால் அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்தப் பத்திரங்களைப் பதிவுசெய்யும் முறை 1860களிலிருந்தே இருக்கிறது. இணையத்தில் வில்லங்கம் போட்டால் பொதுவாக 1975க்குப் பிந்தையதுதான் வரும். அதற்கு முந்தையதற்கு அந்தக் கிராமம் அன்று எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததோ அங்கே மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். சொத்துவாரி அட்டவணை தவிர ஆள் பெயர்வாரி அட்டவணையும் அவர்களிடம் உண்டு. சர்வே நம்பர் தெரியாத உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் வழி. "பெயர்வாரி இண்டெக்ஸில் 1910இலிருந்து 1925 வரை தேட வேண்டும்" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "பழைய ரெக்கார்டு இல்லைங்க" என்ற பதில்தான் வரும்.

பட்டா பக்கம் போனால் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதிய யுடிஆர் கணக்கோடு நின்றுவிடாதீர்கள், அது 1980களில் வந்தது. அதற்கு முந்தைய, சர்வே எண்வாரியான அ பதிவேடு, அதற்கும் முந்தைய மறு நில அளவைப் பதிவேடான ஆர்.எஸ்.ஆர் ஆகியவற்றைக் கேளுங்கள். முசிறி தாலுகாவில் துறையூர் ஜமீன் கிராமங்கள் உண்டு. உங்கள் ஊர் ஜமீன் கிராமமாக இருந்தால், 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு எழுதிய எஸ்.எல்.ஆர் என்ற நிலவரித் திட்டப் பதிவேடுதான் குடியானவர் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறிய முதல் ஏடாக இருக்கும். அதற்கு முன்னால் பெயர் ஜமீன் கணக்கில் இருந்தது. இனாம் நிலமானால் 1858க்குப் பின் எழுதிய இனாம் பதிவேடுகள் உண்டு. எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் பார்க்கலாம். தாழ்த்தப்பட்ட குடும்பம் என்றால் 1892க்குப் பிறகு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தில், அதாவது ஊரில் டி.சி நிலம் என்று சொல்வதில், பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிலம் கைமாறிப் போயிருந்தாலும் முதல் பெயர் பழைய ஏட்டில் நிற்கும்.

1980இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது ஏடுகள் தாலுகா ஆபீசுக்கும் வி.ஏ.ஓவிடமும் போயின. போகாத ஏடுகள் சில பழைய கர்ணத்தின் வீட்டுப் பரணில் இருக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். கோர்ட் வழக்கு எதுவும் இல்லை, குடும்பப் பெயர் தேடுகிறோம் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். நிலத் தகராறுக்கு வந்திருக்கிறார்கள் என்று பயந்துதான் பலரும் கதவைச் சாத்துகிறார்கள். கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவும் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராம அதிகாரிகள் கையில்தான் இருந்தது. பிறப்பில் குழந்தைக்குப் பெயரே இல்லாமல் "ஆண்" "பெண்" என்று மட்டும் இருக்கும். இறப்புப் பதிவில் பெயர் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஊருக்குப் போனால் குலதெய்வக் கோயிலுக்கும் போங்கள், சாமி கும்பிட மட்டும் அல்ல. தலைக்கட்டு வரி வாங்கிய நோட்டு எவரிடமாவது இருக்கும். தலைக்கட்டு நோட்டில் ஒரு வகையறாவின் ஆண்கள் எல்லாரும் வரிசையாக வருவார்கள். ஊரை விட்டுப் போனவர் பெயரை அடிக்காமல் பக்கத்தில் "கொளும்பு" என்று குறித்து வைத்திருந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். மொய் நோட்டும் அப்படித்தான். கல்யாணத்தில் யார் எந்த ஊரிலிருந்து என்ன செய்தார்கள் என்று எழுதியது, ஒரு குடும்பத்தின் கொள்வினை கொடுப்பினை முழுவதையும் காட்டிவிடும். மற்ற சமூகங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. நகரத்தாருக்குக் கோயில்வாரியாகப் புள்ளிக் கணக்கு, கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நான, திருமணப் பதிவேடு, இஸ்லாமியர்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மதுரை மிஷனின் பழைய சேசுசபைக் கோப்புகள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன.

கிடைத்த பெயர் உங்களவர்தானா என்று முடிவு செய்வதில்தான் அவசரப்படக் கூடாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயர் ஐம்பது அறுபது ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அண்ணன் தம்பிகள் இருவருமே தங்கள் மூத்த பிள்ளைக்கு அப்பா பெயரை வைத்திருப்பார்கள், அப்போது ஒரே காலத்திலேயே ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் நிலத்தின் எல்லையும் சேர்ந்து ஒத்துப்போனால் ஒழிய ஒப்புக்கொள்ளாதீர்கள். வயதை நம்பவே வேண்டாம். 35, 40, 45 என்று ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகள் அந்தக் காலத்து ஏடுகளில் மலிந்து கிடக்கும், சென்சஸ் அதிகாரிகளே அறிக்கைக்கு அறிக்கை இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பத்து வயது முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

சாதிப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்தும் "இது நாங்கள் இல்லை" என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாடார் என்ற பெயர் சென்சஸில் ஏற்கப்பட்டது 1921இல். ஆதிதிராவிடர் என்ற பெயரைச் சென்னை அரசு ஏற்றது 1922இல். அதற்கு முந்தைய ஏட்டில் வேறு பெயர், பெரும்பாலும் குடும்பத்தார் விரும்பாத பெயர் இருக்கும். அந்தத் தாளை மறைத்து வைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நகல் ஒன்று எடுத்து வையுங்கள்.

ஜில்லா எல்லையும் மாறும். கரூர் 1910இல்தான் கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து திருச்சிக்கு வந்தது. நாமக்கல் சேலத்திலிருந்து திருச்சிக்குப் போய்ப் பிறகு சேலத்துக்கே திரும்பியது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். முசிறியைச் சுற்றி இத்தனை எல்லைகள் இருப்பதால், "திருச்சி ஜில்லா" என்று தாத்தா சொன்னதை இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடினால் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் ஊர் தப்பிப்போகும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதல் வேலை, இலங்கையில் பிறந்து இன்னும் உயிரோடு இருக்கும் மூத்தவரிடம், நீங்கள் சொன்ன அந்த அத்தையிடம், போனில் ரெக்கார்டு போட்டு உட்காருவது. "நம் முன்னோர் யார்" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல வராது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீடு யார், பெரிய கங்காணி எந்த ஊர்க்காரர், கருமாதிக்கு யார் யார் வந்தார்கள், மாரியம்மன் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று கேளுங்கள். கங்காணியின் ஊர் தெரிந்தால் பெரும்பாலும் உங்கள் ஊரும் அதைச் சுற்றித்தான். இரண்டாவது, அத்தையின் பிறப்புச் சான்றுக்குத் தோட்டத்தின் பெயரோடு மனு. அது கைக்கு வரும்வரை முசிறிக்குப் பஸ் ஏறாதீர்கள். கிராமத்தின் பெயர் இல்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும். அந்த ஆளுக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணம் சான்றுகளுக்கும் தேடுதல் கட்டணத்துக்கும் ஆகட்டும்.